வைஃபை கார்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வார இணைப்பில், பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம் என்று ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, இந்த நேரத்துக்கு அது நல்ல யோசனை. பென்டிரைவ் தயாரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் எழுதியவர் பொறுமையாகச் சொல்லியிருந்தார், கடைசிப் பத்தி வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் பத்தியில்தான் ஒரே வரியில், சில மடிக்கணினிகளில் வைஃபை வராது, அப்போது கடையில் கொடுத்து, உள்ளே வைஃபை சிக்னலைப் பிடிக்கும் கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் 1,200 ரூபாய் தண்டம் அழுவார்களோ என்றுதான் இந்தக் கடிதம். நானும் அழ இருந்தவன், மயிரிழையில் தப்பினேன்.

நான் கணினி படித்தவன் இல்லை. தொலைபேசித் துறையில் 31 வருடம் லைன் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் ‘போன் டெட்’ என்று புகார் வந்தால் யாரும் நேராக வீட்டுக்குப் போய் போனை மாற்ற மாட்டோம். முதலில் எக்ஸ்சேஞ்சில், எல்லா லைனும் வந்து சேரும் எம்.டி.எஃப். என்ற சட்டத்தில் லைனைப் பிரித்து, டயல் டோன் அதுவரை வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் பழுது வெளியே, வராவிட்டால் உள்ளே. வெளியே என்றால் தெருவோரப் பில்லர், அப்புறம் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டி, அப்புறம் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர், அப்புறம் சுவரில் இருக்கும் ரோசெட், எல்லாம் சரியாக இருந்தால்தான் கடைசியில் அந்தப் போன். மழைக்காலத்தில் பாதிப் புகார் கேபிள் ஜாயின்டில் தண்ணீர் இறங்கியதாகத்தான் இருக்கும், வீட்டுக்காரர் என்னவோ போனைத்தான் தட்டிக்கொண்டிருப்பார். லினக்ஸில் வைஃபை வராததும் இதே கதைதான், பேர்தான் வேறு.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டில் பேரன் படித்து முடித்து ஒதுக்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் வந்தது. ஏழெட்டு வருடப் பழசு, ஆனால் கீபோர்டு நன்றாக இருக்கிறது, தமிழ் தட்டச்சு செய்ய வசதி. அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22 போட்டேன். எல்லாம் அழகாக வந்தது, வலது மூலையில் வைஃபை படம் மட்டும் வரவில்லை. பஜாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் திறந்துகூடப் பார்க்கவில்லை, ‘கார்டு போயிருச்சு ஐயா, புதுசு 1,200, மாட்டுற கூலி தனி’ என்றான். நேற்று வரை விண்டோஸில் ஓடிய கார்டு இன்று காலை பத்து மணிக்குத் திடீரென்று எப்படிப் போகும்? டயல் டோன் பார்க்காமல் போனை மாற்றச் சொல்கிறானே என்று மடிக்கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எம்.டி.எஃப்.-இல் லைனைப் பிரிப்பது போல இங்கே முதல் கேள்வி, கணினிக்குக் கார்டு உள்ளே இருப்பது தெரிகிறதா என்பதுதான். டெர்மினல் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, அதோடு ஒட்டி என், என், கே என்று தட்டி என்டர் கொடுத்தால் பலகையில் மாட்டியிருக்கும் எல்லாவற்றின் பட்டியலும் வரும். (நம் தினசரியில் ஆங்கில எழுத்து போடுவதில்லை என்பதால், தந்தி கொடுப்பது போல எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.) அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். என் மடிக்கணினியில் அந்த வரி இருந்தது. தயாரித்தவர் பெயர், சதுர அடைப்புக்குள் இருபக்கமும் நான்கு நான்கு எழுத்தாக ஒரு எண், எல்லாம் இருந்தது. ஆக, கார்டு உயிரோடு இருக்கிறது, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கிறது. கடைக்காரப் பையன் சொன்னது அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போயிற்று.

ஆனால் அந்த வரிக்குக் கீழே வர வேண்டிய இன்னொரு வரி வரவில்லை. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று போட்டு ஒரு பெயர் இருக்கும், வைஃபை கார்டுக்குக் கீழே மட்டும் அது காலி. கார்டு இருக்கிறது, அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள் ஏறவில்லை. வண்டி நிற்கிறது, டிரைவர் வேலைக்கு வரவில்லை, இதற்கு யாராவது வண்டியை மாற்றுவார்களா?

இந்த டிரைவர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்கான டிரைவர் இருக்கிறது. இன்டெல் கார்டு என்றால் பொதுவாக நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். ஆத்தரோஸ் நிறுவனம் 2008-லேயே தன் கார்டுகளுக்கான திறந்த டிரைவரைக் கர்னலுக்குக் கொடுத்தது, அந்த வரிசைக் கார்டு இருக்கும் பழைய மடிக்கணினிகள் இன்றும் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு முந்திய காலம் வேறு மாதிரி, விண்டோஸுக்கு எழுதிய டிரைவரையே எடுத்து, என்டிஸ்ராப்பர் என்ற ஒன்றால் சுற்றி லினக்ஸுக்குள் தள்ளுவார்கள், ஏறினால் நம் அதிர்ஷ்டம். இப்போது அந்த அவஸ்தை இல்லை. சில கார்டுகளுக்கு மட்டும் டிரைவர் கர்னலுக்கு வெளியே இருக்கிறது, தனியாக இறக்கிப் போட வேண்டும். வேறு சில கார்டுகளுக்கு டிரைவர் இருக்கும், ஆனால் ஃபர்ம்வேர் என்று இன்னொரு கோப்பு வேண்டும், அது கார்டின் உள்ளே இருக்கும் சின்ன மூளைக்குள் ஒவ்வொரு முறையும் ஏற்றப்படுவது. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் கர்னல் தன் குறிப்பேட்டில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2 என்று எழுதி வைக்கும். மைனஸ் 2 என்றால் பயப்பட ஒன்றுமில்லை, தேடிய கோப்பு இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். குறிப்பேட்டைப் படிக்க எஸ், யூ, டி, ஓ (சூடோ, அதாவது நிர்வாகி உரிமையில்) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு டி, எம், ஈ, எஸ், ஜி தட்ட வேண்டும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் இந்த ஃபர்ம்வேர் கோப்புகளைக் கொள்கை காரணமாக வெகுகாலம் தனியாகவே வைத்திருந்தார்கள், 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து நிறுவும் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் யாராவது பழைய டெபியன் சிடியை வைத்துக்கொண்டு வைஃபை வரவில்லை என்று திண்டாடினால், புதியதை இறக்கிப் போடச் சொல்லுங்கள், பாதி வழக்கு அங்கேயே தீரும்.

சரி, டிரைவர் இறக்க வேண்டும், இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதை. இதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது, அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் வயரால் மடிக்கணினியில் செருகி, போனின் அமைப்பில் ஹாட்ஸ்பாட் பக்கத்துக்குப் போய் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் போட்ட நெட்வொர்க் என்றே எடுத்துக்கொள்ளும், பொதுவாக எந்த டிரைவரும் கேட்காது, பத்து விநாடியில் நெட் வந்துவிடும். ஒன்று, வயர் டேட்டா போகும் வயராக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு வயரில் அந்த டெதரிங் பொத்தான் மங்கியே கிடக்கும். நான் இரண்டு வயர் மாற்றிப் பார்த்த பிறகுதான் மூன்றாவதில் வந்தது, அதுவரை போனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நெட் வந்ததும் மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, திறந்தால் என் கார்டுக்கு இன்ன டிரைவர், பரிந்துரைக்கப்படுகிறது என்று காட்டியது, சொடுக்கினேன், இறங்கியது. நடுவில் ஏதோ ஒரு கடவுச்சொல் கேட்டது. எதற்கென்று படிக்காமல் எட்டு எழுத்தில் ஒன்றை இரண்டு முறை போட்டுக் கடந்துவிட்டேன். மறுபடி ஆன் செய்யும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்து நின்றது. எனக்குப் பழைய விண்டோஸ் நீலத் திரை ஞாபகம், பதறிப்போய் முதலில் இருந்த ‘கன்டினியூ பூட்’ என்பதையே அழுத்திவிட்டேன். வழக்கம் போல மின்ட் வந்தது. வைஃபை வரவில்லை.

இங்கேதான் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. டிரைவர் போட்டாயிற்று, பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் ‘இன் யூஸ்’ வரி காலி. மோட்ப்ரோப் என்ற கட்டளையால் கையால் ஏற்றிப் பார்த்தேன், சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நான் என்ன சாவி கொடுத்தேன், இது எதை நிராகரிக்கிறது? கடைசியில் புரிந்தது. மடிக்கணினியில் செக்யூர் பூட் என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது, முத்திரை இல்லாத எதையும் கர்னலுக்குள் விடாது. வெளியிலிருந்து வரும் டிரைவரை நம் கணினியிலேயே கட்டியெடுத்து, நம் கணினியே ஒரு முத்திரையும் போடுகிறது, ஆனால் அந்த முத்திரை செல்லும் என்று கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் கேட்கத்தான் அந்த நீலத் திரை வந்தது. அதில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, கன்டினியூ, யெஸ், அப்புறம் முன்பு போட்ட அந்த எட்டெழுத்துக் கடவுச்சொல், அப்புறம் ரீபூட். இதுதான் சரியான வழி. நானோ, காவல்காரர் கையெழுத்துக் கேட்டபோது பார்க்காத மாதிரி போய்விட்டேன். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் ஒரு விசையையும் அழுத்தாவிட்டால் அதுவே கடந்து போய்விடும், திரும்பத் தானாக வராது.

டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பவும் நிறுவினேன், என் மடிக்கணினியில் மறுபடி கடவுச்சொல் கேட்டது, இந்த முறை தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், நீலத் திரையில் ஒப்புக்கொண்டேன். மின்ட் வந்தது, மூலையில் அந்த விசிறி மாதிரிப் படம் வந்தது, எங்கள் தெருவில் இருக்கும் பதினோரு வீட்டு வைஃபை பெயரும் வரிசையாக வந்து நின்றன. செலவு பூஜ்யம். இணையத்தில் பலர் செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சொல்கிறார்கள். அணைத்தாலும் வேலை நடக்கும்தான், ஆனால் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியத்துக்குக் காவல்காரரையே வீட்டுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த விஷயம் தெருவில் பரவி, இப்போது வாரம் ஒருவராவது மடிக்கணினியைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால் மற்றப் பழுதுகளும் பழக்கமாயின. எதிர்வீட்டு டீச்சருடையதில் டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாம் ஏறியிருந்தது, ஆனால் வைஃபை அணைந்தே கிடந்தது. ஆர்எஃப்கில் என்று ஒரு கட்டளை, பக்கத்தில் லிஸ்ட் என்று சேர்த்துப் போட்டால் யார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும். ‘சாஃப்ட் பிளாக்’ என்பதற்கு எதிரே யெஸ் என்றிருந்தால் மென்பொருள் பூட்டு, லிஸ்ட் என்பதற்குப் பதில் அன்பிளாக் வைஃபை என்று போட்டால் திறந்துவிடும். ‘ஹார்டு பிளாக்’ யெஸ் என்றிருந்தால் கட்டளையால் திறக்காது, எங்கோ ஒரு சுவிட்சோ விசையோ இருக்கிறது. டீச்சருடைய மடிக்கணினியில் முன்விளிம்பில், உள்ளங்கை படும் இடத்துக்குக் கீழே, அரிசி நீளத்துக்கு ஒரு தள்ளு சுவிட்ச் இருந்தது. பையில் வைத்து எடுக்கும்போது நகர்ந்திருக்கிறது. நகத்தால் தள்ளினேன், வந்துவிட்டது. ‘இவ்வளவுதானா சார்’ என்று டீச்சர் கேட்டதில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுக்க அணைவதில்லை, அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் அரைத் தூக்கத்தில் போகிறது. அப்போது சில வைஃபை கார்டுகள் விண்டோஸின் பிடியிலேயே கிடந்து, லினக்ஸ் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. நேற்று வந்தது, இன்று வரவில்லை, நாளை மறுபடி வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கடைசியாக விண்டோஸில் இருந்தீர்களா என்பதைத்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும், அல்லது அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே எடுத்துவிடலாம்.

சிக்னல் காட்டும், சேரும், பத்து நிமிடத்தில் அறுந்துவிடும் என்பது அடுத்த ரகம். அநேகமாகப் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்டைத் தூங்கப் போடுவதால் வருவது. உபுண்டு, மின்ட் ஆகிய இரண்டு லினக்ஸ் வகைகளிலும் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்புகளில் பவர்சேவ் என்ற வார்த்தைக்கு எதிரே 3 என்று இருக்கும், அதை 2 ஆக்கினால் கார்டு தூங்காது. மூன்றுக்குத் தூக்கம், இரண்டுக்கு விழிப்பு, ஏன் இந்தக் கணக்கோ, வைத்தவருக்கே வெளிச்சம்.

அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய மடிக்கணினி என்று ஒரு நண்பர் கொண்டுவந்தார், என் வீட்டில் வைஃபை வருகிறது, அவர் வீட்டில் அந்தப் பெயரே தெரியவில்லை, அதே வீட்டில் போனில் வருகிறது. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் ஊரில் 13 சேனல், அமெரிக்காவில் 11 வரைக்கும்தான் பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். அவர் வீட்டு ரவுட்டர் தானாகத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருந்தது 13-இல், அமெரிக்கக் கார்டுக்கு அந்தச் சேனல் இருப்பதே தெரியாது. ரவுட்டரின் அமைப்பில் போய் 6-இல் நிறுத்தினேன், உடனே பெயர் வந்தது. ஒன்றோடொன்று முட்டாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றும்தான், எப்படியும் அவற்றில் ஒன்றில் வைப்பதே நல்லது. இதோடு சேர்த்து இன்னொன்று, ரவுட்டரில் பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று இருப்பது 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது, செல்போன் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 2.4 மட்டும்தான் பிடிக்கும், அந்தப் பெயர் தெரியவில்லையே என்று லினக்ஸைத் திட்ட வேண்டாம்.

இன்னொருவர் கதை கொஞ்சம் வயிற்றெரிச்சல். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நெட் வரும், அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். விண்டோஸிலும் அப்படித்தான் என்றதால் மென்பொருளை விட்டுவிட்டுப் பின்மூடியைத் திறந்தேன். வைஃபை கார்டில் மிளகு அளவுக்கு இரண்டு பித்தளைப் பொத்தான், திரைக்கு மேலே ஓடும் ஆன்டெனாவிலிருந்து கறுப்பொன்று வெள்ளையொன்றாக இரண்டு மெல்லிய வயர் வந்து அவற்றில் மாட்டியிருக்க வேண்டும். இரண்டும் கழன்று பேட்டரிக்கு மேல் கிடந்தன. இரண்டு மாதம் முன்பு ஃபேன் சுத்தம் செய்யக் கொடுத்தாராம், செய்தவர் மாட்ட மறந்துவிட்டார். கட்டைவிரல் நகத்தால் நேராக வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும், கோணலாக அழுத்தினால் அந்தப் பொத்தான் நசுங்கிவிடும், அப்புறம் நிஜமாகவே கார்டு மாற்ற வேண்டியதுதான். சிக்னல் பலம் காட்டும் கோடுகள் ஒன்றிலிருந்து நான்காக ஏறியதைப் பார்த்தபோது, கம்பத்து மேலே ஏறி ஜாயின்ட் போட்டுவிட்டு டயல் டோன் கேட்ட அதே சந்தோஷம்.

வைஃபை சேர்ந்துவிட்டது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால் கார்டை அத்தோடு விட்டுவிடலாம், அதன் வேலை முடிந்தது. பிங் என்ற கட்டளைக்கு எட்டு நான்கு முறை, நடுவில் புள்ளி வைத்துக் கொடுங்கள், அது இணையத்தில் இருக்கும் ஒரு கணினியின் எண். பதில் வந்து, ஓர் இணையதளத்தின் பெயர் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பழுது, டெலிபோன் டைரக்டரி தொலைந்த மாதிரி. எண்ணும் பெயரும் இரண்டும் வந்து, உலாவி மட்டும் பாதுகாப்பில்லை என்று எல்லாப் பக்கத்தையும் மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பரணில் கிடந்த மடிக்கணினிகளில் உள்ளே இருக்கும் சின்ன நாணய பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், அந்தத் தேதிக்கு இணையதளங்களின் இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றும் செல்லாது. தேதியைச் சரி செய்தால் உலாவி சமாதானமாகிவிடும். பேட்டரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சோதனையிலேயே, அதாவது அந்தப் பட்டியலிலேயே கார்டின் பெயர் வராவிட்டால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பயாஸில், அதாவது ஆன் செய்ததும் முதலில் திறக்கக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்பில், வயர்லெஸ் அணைத்திருக்கிறதா பாருங்கள். சார்ஜரை எடுத்துவிட்டு, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், கார்டைக் கழற்றித் திரும்பச் செருகிப் பாருங்கள். இத்தனைக்கும் மசியாவிட்டால் சரி, கார்டு போயிருக்கலாம்.

அப்படி மாற்றுவதாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது, கட்டுரையாளர் இதையும் சொல்லவில்லை. பழைய மடிக்கணினிகளில் இருப்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய், பிந்தியவற்றில் எம்.2, ஒன்று மற்றதில் ஏறாது. எம்.2-இலும் இன்டெல்லின் சில கார்டுகள் பாதி வேலையைப் பிராசசருக்குள் வைத்திருப்பவை, அதற்கென்று அமைந்த இன்டெல் பிராசசர் இருந்தால்தான் ஓடும், மற்றவற்றில் செருகினால் கச்சிதமாக உட்காரும், வேலை மட்டும் செய்யாது. சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் ஆன் ஆகவே மறுத்துவிடும். யூஎஸ்பியில் செருகும் குட்டி டாங்கிள் வாங்கலாம் என்றால் அதிலும் ஒரு வேடிக்கை, சில டாங்கிள்கள் செருகியதும் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும், உள்ளே விண்டோஸ் டிரைவர் வைத்திருப்பதற்காக. லினக்ஸில் அந்தப் பொய்ச் சிடியை எஜெக்ட் செய்தால்தான் பல டாங்கிள்கள் வேடத்தைக் கலைத்து வைஃபையாக மாறும். கடைக்காரரிடம் ‘லினக்ஸில் வருமா’ என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் வரும் என்பார். உள்ளே இருக்கும் சிப்பின் எண் என்ன என்று கேளுங்கள், அந்த எண்ணுக்குக் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று தேடிவிட்டுப் பணத்தை எடுங்கள்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். லினக்ஸை நிறுவும் முன்பே பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டில் கை வைக்காது. ஓட்டி, அங்கேயே வைஃபை வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் பிற்பாடு வரும் சந்தேகங்களில் பாதி இல்லை. நான் பார்க்காமல் நேராக நிறுவினேன், அவசரம். அதே மாதிரி, மேம்பாடு கொடுத்து முடித்ததும் ஓடிக்கொண்டிருந்த வைஃபை ஒரு நாள் காணாமல் போனால், ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் முந்திய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். வெளி டிரைவர் புதுக் கர்னலுக்கு ஏற்றபடி இன்னும் கட்டப்படாமல் இருக்கும், முந்தியதில் எப்போதும் போல வரும், ஆற அமரச் சரி செய்துகொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தக் கட்டளைகளை மட்டும், விதிவிலக்காக ஆங்கில எழுத்திலேயே, உள்ளங்கை அளவு ஒரு கட்டமாகப் போட முடியுமா பாருங்கள், டீச்சர் வெட்டி மடிக்கணினி மூடியில் ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். போடும்போது தயவுசெய்து பக்கம் கட்டுபவரிடம் ஒரு வார்த்தை. கட்டளைக்குப் பின்னால் வருவது சிறு கோடு. அழகுக்காக அதை நீளக் கோடாக மாற்றிவிட்டால் டெர்மினல் ஒன்றையும் ஏற்காது, அத்தனை பேரும் எனக்குத்தான் போன் செய்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
விருதுநகர்.